ஓரமாக ஒரு டேபிள்

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு அக்காவும் தம்பியும் ரெஸ்டாரன்ட் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“உயர்தரமான இடமா இருக்கணும். ஆனா கோட்டு சூட்டுன்னு விறைப்பா இருக்கக் கூடாது” என்றாள் அக்கா.

“அப்ப ஏரிக்கரையில இருக்கறதுதான். காலையிலயே அப்பாகிட்ட சொல்லிட்டேன்” என்றான் தம்பி.

“ஓரமான டேபிளா கேக்கறேன். அப்பா நிம்மதியா சாப்பிடட்டும்.”

அக்கா போன் செய்தாள். “சனிக்கிழமை, எங்கப்பாவோட எழுபதாவது பிறந்தநாள். ஆறு பேருக்கு ஓரமா டேபிள் கிடைக்குமா?”

“உங்கப்பாவே காலையில பேசிட்டார் மேடம்” என்றார் ரெஸ்டாரன்ட்காரர். “கை நடுங்கி சாப்பாட்டை மேல சிந்திக்குவாராம். யாராவது பாத்தா பொண்ணு கூனிக் குறுகிப் போயிடுவாளாம். அதனால யார் கண்ணுலயும் படாத இடமா கேட்டார். குடுத்துட்டோம்.”

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் அப்பா சட்டையில் சூப்பைச் சிந்திக்கொண்டபோது, யாரோ போல அவள் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டாள். அப்பா கவனிக்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“அதையே வச்சுடலாமா மேடம்?”

“வேண்டாம்” என்றாள். “நடுவுலயே போடுங்க. நான் அவர் பக்கத்துலதான் உக்காருவேன்.”