வாடகை பூட்ஸ்

என் இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்தச் செருப்பும் என்னைக் கடிக்காமல் விட்டதில்லை. எரிமலை அடிவாரத்து வாடகைக் கடையில் எடுத்த இந்தப் பழைய பூட்ஸ் மட்டும் சரியாக அந்த இடத்தில் புடைத்திருந்தது.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க."

"அப்பாடா, இன்னைக்கு உன் புலம்பல் இல்லை," என்று சிரித்தார் கணவர். "மேல போய் அவிழ்ந்தா வம்பு," என்று அவரே குனிந்து லேஸை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டிவிட்டு, வேனைப் பார்க்க வெளியே போனார்.

கடைக்காரம்மா துணியோடு வந்து பூட்ஸ் மடிப்பில் இருந்த சாம்பலைத் துடைத்தாள்.

"நேத்து சாயங்காலந்தான் மலையிலேர்ந்து திரும்பி வந்துச்சு. இன்னும் சரியா துடைக்கக்கூட இல்லை. போட்டுட்டுப் போன பொண்ணு வரலை. புருஷன் மட்டும் கொண்டுவந்து வெச்சுட்டுப் போயிட்டார்."

"யாரு?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, வாசலைக் காட்டினாள். "அதோ, அவர்தானே."

நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியதே இன்று காலையில்தான்.

வாசலில் நின்று என் கணவர் கை நீட்டினார். "வாம்மா, நேரமாச்சு."

பூட்ஸைக் கழற்றிவிடலாம் என்று அவசரமாகக் குனிந்தேன். அவர் போட்ட முடிச்சு அவிழவில்லை.