ஐந்தாவது கியர்

வேப்பூர் தாண்டிய நெடுஞ்சாலையில் காலை வெயில் பளபளக்கிறது. நாலு கியரோடு அலறிக்கொண்டிருந்த பழைய அம்பாசடரில் புதிதாக மாட்டிய ஐந்தாவது கியரைப் பழமலைநாதன் பயந்து பயந்து போடுகிறார். இதற்கும் இரைச்சல் அடங்காவிட்டால் இனிமேல் பஸ்தான் என்று மனைவி அம்சவல்லி கறாராகச் சொல்லியிருக்கிறாள். வேகம் குறையவில்லை, இன்ஜினின் அலறல் மட்டும் முனகலாக இறங்குகிறது. மகளுக்காகப் பின்சீட்டில் வைக்கோல் சுற்றி வைத்த பீங்கான் கோப்பைகள் கிணுகிணுப்பதை நிறுத்துகின்றன. ஸ்டியரிங்கை இறுக்கியிருந்த அவர் விரல்கள் தளர்கின்றன. “ஏங்க, வண்டி நின்னுபோச்சா?” என்று பக்கத்து சீட்டிலிருந்து பழக்கதோஷத்தில் அம்சவல்லி கத்துகிறாள். பக்கத்தில் போகும் பஸ்ஸில் ஜன்னலோரத்துத் தலைகள் திரும்புகின்றன. “ஓடிக்கிட்டுதான் இருக்குது. மெதுவாப் பேசு, கேக்குது.” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பிறகு, “அப்ப பஸ்ஸு வேணாங்க” என்கிறாள், இந்த வண்டிக்குள் முதல்முறையாகக் கத்தாமல்.