தாதாவின் ஷூ

“ஷூவைக் கழட்டிட்டு இறங்கச் சொல்லுங்க. மிதிச்சு மிதிச்சு சமப்படுத்தின பாத்தி இது!”

மரக்காணம் உப்பளத்து வரப்பில் குறுக்கே நின்றாள் மங்கம்மா. மிதித்த கால் இன்னும் அவளுக்கு வலித்தது. கன்னத்தில் நீளமாக வெட்டுத் தழும்பு ஒட்டியிருந்த ஹீரோ, டைரக்டரைத் திரும்பிப் பார்த்தான்.

டைரக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. “ஏம்மா, இது உங்க ஊரு தாதா அரசப்பனோட கதை. அவர் வர்றாருன்னா ஊரே கதவைச் சாத்துமாம். அவரு வெறுங்காலோட வந்தா தியேட்டர்ல சிரிப்பாங்க!”

“சிரிக்கட்டும். ஷூ பட்டு சேறு கிளம்பினா உப்பு கறுத்துப் போவும். எவன் வாங்குவான்?”

“ஓனர்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சும்மா.”

“அவரே செருப்பை வரப்புல விட்டுட்டுத்தான் இறங்குவாரு.”

“அரசப்பன் எவனுக்கும் அடங்காத ஆளு! இப்பவும் மலேசியாவுல ராஜா மாதிரி இருக்காராம். நீ அவரைப் பார்த்திருக்கியா?”

மங்கம்மா வரப்பைவிட்டு நகரவில்லை. பக்கத்துப் பாத்தியில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“யோவ், இங்க வாய்யா! உன் கதையாம். நீயே வந்து சொல்லு.”

உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்தார் அவர். ஹீரோவுக்கு ஒட்டியிருந்த அதே இடத்தில் அவர் கன்னத்திலும் தழும்பு இருந்தது.

“கழட்டிடு தம்பி” என்றார் அரசப்பன், மங்கம்மாவைக் காட்டி. “ஜெயில்லேர்ந்து வந்த அன்னிக்கு என்னையே கழட்ட வெச்சுட்டுத்தான் இறங்க விட்டா, என் பொண்டாட்டி.”