வளையலும் மாவுருண்டையும்

பசுமலை பரோட்டாக் கடையின் எண்ணெய் மேசையில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. சனோபர் தன் கணித ஆய்வேட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். சமர்ப்பிக்க நாளைதான் கடைசி நாள், இனி அவகாசம் கிடையாது. முழு ஆய்வையும் தாங்கும் ஒரு வரி தவறு என்பதை இன்றுதான் கண்டாள். மாவு பிசைந்த கையோடு அவள் புருஷன் சாஜித் எதிரே உட்காருகிறான். “எனக்குப் புரியிற மாதிரி சொல்லு புள்ள.” “ஒரு பொருள் எங்க இருக்கலாம், எம்புட்டு வேகத்துல போகலாம், அம்புட்டையும் சேர்த்து ஒரு உருண்டைன்னு வச்சுக்கங்க மச்சான். நேரம் போகப் போக அது நெளியும், நீளும். கனஅளவு மட்டும் மாறாது.” அவள் கண்ணாடி வளையலைக் கழற்றி நீட்டுகிறாள். “இதைவிடப் பெரிய உருண்டை இதுக்குள்ள போகுமா?” சாஜித் பெரிய மாவுருண்டை ஒன்றை உருட்டி, நீளமாக இழுத்து, வளையலுக்குள் நுழைத்துவிடுகிறான். “இந்தா, போயிருச்சே. மாவும் குறையலயே.” “நானும் அப்படி நம்பித்தான் அஞ்சு வருசமா எழுதுனேன். மாவு போகும் மச்சான். நான் சொன்ன உருண்டை போகாது. அது நெளியிறதுக்கு சிம்ப்ளெக்டிக் வடிவியல்னு ஒரு கணக்கு இருக்கு, எம்புட்டு இழுத்தாலும் சின்ன வளையத்துக்குள்ள அதை விடாது.” “லேசா எண்ணெய் தடவிப் பாரேன்.” அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பில் கல் காய்ந்து புகைகிறது. வெளியே யாரோ, “மாப்ள, ரெண்டு பரோட்டா,” என்கிறார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. “அப்ப நாளைக்கு எதைக் கொடுப்ப?” என்று மெல்லக் கேட்கிறான். வளையலில் ஒட்டிய மாவை அவள் நகத்தால் சுரண்டுகிறாள். மாவெல்லாம் போன பிறகும் சுரண்டிக்கொண்டே இருக்கிறாள்.