கழுவி வந்த பெட்டி

“உண்மையைச் சொல்லுங்க. மத்தியானம் வெளியே போய் ராமென் நூடுல்ஸ் சாப்பிடறீங்கதானே?”

பெட்டியில் வைத்த தவிட்டரிசிச் சோற்றை விசிறியால் ஆற்றிக்கொண்டே கேட்டாள் மிச்சியோ. சூடு ஆறாமல் மூடினால் மதியத்துக்குள் சோறு நசநசத்துப் போகும்.

“நீ கட்டிக் குடுக்கறதுல ஒரு பருக்கையாவது மிச்சம் வருதா?” என்று காலுறையை மாட்டியபடி சிரித்தார் அவள் கணவர் ஷிகேஹாரு. “பெட்டியைக்கூட கழுவிக் கொண்டுவர்றேன். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?”

அதுவும் உண்மைதான். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில், குடித்த தேநீர்க் கோப்பையைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர். அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் ஜனவரியில்தான் அவள் ஐந்து மணிக்கு எழுந்து பெந்தோ என்கிற மதியச் சாப்பாட்டுப் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். முதலில் பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. மார்ச்சிலிருந்து பெட்டி காலியாக, கழுவித் துடைத்து, துணியில் மடித்துக் கட்டி வந்தது.

சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்காதவர், “அந்த எள்ளு போட்ட கீரை ரொம்ப நல்லாருந்துது” என்று சொல்லத் தொடங்கினார். ஆயுசு முழுக்க விரும்பித் தின்ற உப்புப் பிளம்மை, “வேண்டாம், புளிக்குது” என்றார். போன வாரம், “முட்டைச் சுருள்ல கொஞ்சம் இனிப்பு தூக்கலா இருக்கலாமே” என்றார்.

“சர்க்கரைக்காரர் கேக்கற கேள்வியா இது?” என்று கடிந்துகொண்டாலும், மறுநாளே வெங்காயத்தை நிதானமாக வதக்கி, அந்த இனிப்பை முட்டைக்குள் வைத்துச் சுருட்டினாள். கேரட்டைப் பூப்பூவாக வெட்டினாள். கட்டிய புருஷன் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்ற சந்தோஷம் அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் கிடைத்திருந்தது.

ஆனால் நேற்று வந்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருக்கவில்லை. ஏறியிருந்தது.

அன்று மதியம் டிராம் பிடித்து அவருடைய அலுவலகத் தெருவுக்குப் போனாள். பக்கத்துச் சந்தில் இருந்த ராமென் கடையின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

அங்கேதான் இருந்தார். டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பன்றிக் கொழுப்பு மிதக்கும் சூப்பை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போய்ச் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. அப்படியானால் தினமும் அந்தச் சாப்பாடு எங்கே போகிறது? எந்தக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் பெட்டியைக் கழுவுகிறார்? நிஷிகவா கால்வாய்க்கரைக்கு வந்து மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தவள், எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ.

பிறகுதான் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தாள். செருப்புக்கடைச் சீருடையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மடியில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். அதற்குள் மிச்சியோ காலையில் வெட்டிய கேரட் பூக்கள்.

“பார்க்கவே அழகா இருக்கே,” என்றாள் மிச்சியோ. அவளுடைய குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. “நீங்களே செஞ்சதா?”

“ஐயோ, எனக்குச் சுடுதண்ணி வைக்க மட்டும்தான் தெரியும்!” அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “எனக்கு வேண்டியவர் ஒருத்தர் செஞ்சு தர்றார். மார்ச்ல எனக்கு ஒரு ஆபரேஷன் ஆச்சு. கடையில கண்டதையும் வாங்கித் தின்னாதேன்னு சொல்லி, அன்னையிலேருந்து காலையில வர்ற வழியில குடுத்துட்டுப் போறார்.”

“அவரேவா செய்யறார்?”

“அஞ்சு மணிக்கே எழுந்துடுவாராம். ரெண்டு பெட்டி. இப்போ இதையேதான் அவரும் ஆபீஸ்ல உக்காந்து சாப்பிட்டிருப்பார். எனக்கு ஒரு மணிக்குத்தான் விடறாங்க, அதனால ஒண்ணா சாப்பிட முடியலை.” அவள் முகம் லேசாகச் சிவந்தது. “பரவாயில்லை. வர்ற வசந்தத்துல கல்யாணம் பண்ணிக்கப் போறோம்.”

மிச்சியோ கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். அதில் அவளுடைய கல்யாண மோதிரம் பதிந்து விரல் வலித்தது.

அந்தப் பெண் முட்டைச் சுருளில் ஒரு துண்டை எடுத்துப் பெட்டி மூடியில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். “ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்களேன். உங்க முகமெல்லாம் வாடிக் கிடக்கு.”

மிச்சியோ வாங்கிக்கொண்டாள். வாயில் போட முடியவில்லை. இந்த நல்ல மனுஷியிடம் யாராவது உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? நான்தான் அவர் மனைவி என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அந்தப் பெண் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இதெல்லாம் அவரோட மனைவி கைப்பக்குவமாம். அவங்க போய் மூணு வருஷமாகியும் ஒண்ணுகூட மறக்காம செய்யறார் பாருங்க, செத்துப்போன அந்தம்மா மேல எனக்குக் கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு.”