நீலப் புள்ளி

"இது மட்டும் ஏன் நீலமா இருக்கு?"

கிளையண்ட் திரையில் விரலை வைத்தார். எங்கள் ஆர்க்கிடெக்ட் சாரின் முகம் தொங்கிப்போனது.

அதுவரை எல்லாம் அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது. வீட்டு பிளானைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஹால் சோபாவில் ஓர் ஆளை உட்காரவைத்து, அவர் கண்ணுக்கு எது எது படுகிறது என்று வண்ணம் பூசிக் காட்டுவதுதான் சாரின் வித்தை. தெரிந்தால் சிவப்பு. தெரியாவிட்டால் நீலம்.

கிளையண்ட்டின் ஆசை ஒன்றே ஒன்றுதான். சோபாவை விட்டு எழாமல் குடும்பம் மொத்தத்தையும் பார்க்க வேண்டும்.

சமையலறை, படிக்கிற மேஜை, துணி காயும் பால்கனி எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தன. குளியலறைக் கதவுகூடத்தான். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்று கணக்கு வைக்க வேண்டாமா? சிறைச்சாலை கட்டுகிறவர்கள்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். சார் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'திறந்த மனசு வீடு'.

பல்லிகூட ஒளிய முடியாது என்று அவர் சத்தியம் செய்த நேரம் பார்த்துத்தான், சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு மூலையில் அந்த நீலப் புள்ளி.

கிளையண்ட்டின் மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தார். மடியில் இருந்த கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சுவரை இரண்டடி தள்ளிவிடலாம் என்று சார் என்னைப் பார்த்தார். பதினோரு வருடமாக அவருக்குப் படம் வரைகிறவள் நான்.

"முடியாது சார். மாடி கக்கூஸ் பைப்பு அது வழியாத்தான் இறங்குது."

கிளையண்ட் மூக்கைச் சுளித்தார். எல்லாவற்றையும் பார்க்கத் துடிக்கிறவர்களுக்கு இதை மட்டும் பார்க்க ஆசை வருவதில்லை.

சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "எங்க வீட்லயும் இதே தொல்லைதான் சார். ஸ்டோர் ரூம் பக்கத்துல, இதே மாதிரி. விட்டுத் தள்ளுங்க."

கிளையண்ட் கையெழுத்துப் போட்டார். கைப்பையின் வார் தளர்ந்தது.

அந்த அம்மா போன வாரம் தனியாக என்னைத் தேடி வந்திருந்தார். யார் கண்ணிலும் படாமல் பத்து நிமிடம் உட்கார ஓர் இடம் வேண்டும், ஒரு ஸ்டூல் போடுகிற அளவு போதும் என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொந்த வீட்டில் ஒரு ஸ்டூலுக்கு இடம் கேட்டு ஊரான் ஆபீஸில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் கேட்கச் சொன்னது யார் என்று விசாரித்தேன். எங்கள் சாரின் மனைவி.

அவர்கள் கிளம்பிப் போனதும் தச்சருக்கான படத்தைத் திறந்தேன். உண்மையான பைப்பு பின்சுவரோடு இறங்குகிறது. அதை யாரும் கேட்கப் போவதில்லை. நீல மூலையில் 'பைப் ரிப்பேர் கதவு' என்று எழுதி, தாழ்ப்பாளை உள்பக்கம் குறித்தேன்.

சார் வீட்டுக் கதவில் குறித்த மாதிரியே.