ஒருத்திக்கே இரண்டு ஊசி

டாக்டர் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூன்று மாதக் கர்ப்பிணியான மகள், அவளை ஒட்டி அம்மா, மறுகோடியில் அப்பா.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மூன்று நாளாக அவள் அவரோடு பேசவில்லை.

அவள் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. போன வாரம் காய்ச்சலோடு அவள் மடியிலேயே சுருண்டு கிடந்த ஒரு வாண்டுக்கு மறுநாள் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ரூபெல்லா என்று உறுதியானது. குழந்தைகளுக்கு அது நாலு நாள் வந்துவிட்டுப் போகிற சமாச்சாரம். வயிற்றில் இருக்கிற சிசுவுக்கு அப்படியில்லை. கண், காது, இதயம் என்று எதில் வேண்டுமானாலும் கை வைத்துவிடும்.

"சின்ன வயசுல தடுப்பூசி போட்டிருந்தா கவலையே இல்லம்மா," என்று டாக்டர் கேட்டிருந்தார். "போட்டிருக்காங்கல்ல?"

மற்றவர்கள் என்றால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருப்பார்கள். அவளிடம் இருந்தது ஒரு சிரிப்புக் கதை.

அவளோடு கூடப் பிறந்தவள் ஒருத்தி உண்டு. ஆறு நிமிடம் இளையவள், அச்சு அசல் இவளே. இருவருக்கும் ஒன்றேகால் வயது ஆனபோது, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசிக்கு அப்பா தூக்கிப்போனார். ஒருத்திக்குப் போட்டதும் அவள் வீறிட, துணைக்கு மற்றவளும் வீறிட, அடையாளத்துக்கு மாட்டிவிட்ட மஞ்சள் சாக்ஸும் பச்சை சாக்ஸும் உதைத்த உதையில் பறந்தன. அப்பா கைக்கு அகப்பட்டவளை எடுத்து நர்ஸிடம் நீட்டினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் ஒருத்திக்கு இரண்டு கையிலும் பஞ்சு. இன்னொருத்தி கையில் ஒன்றுமே இல்லை.

சொந்தபந்தம் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. விட்டுப்போனவளை இன்னொரு நாள் கூட்டிப்போகலாம் என்று இருந்தார்கள். அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்தது, வீடு மாறினார்கள், இரண்டு அட்டையிலும் போட்டாயிற்று என்று முத்திரை வேறு இருந்ததால் கேட்பாரும் இல்லை. அந்த இன்னொரு நாள் வரவே இல்லை.

கதை மட்டும் வளர்ந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா கையை ஆட்டிக் காலை ஆட்டி அதைச் சொல்லாமல் விட மாட்டார். மார்க் அதிகம் வாங்கியவள், எனக்குத்தான் ரெண்டு ஊசி என்பாள். சண்டையில் தோற்றவள், எனக்குத்தான் ஒண்ணுமே போடலை என்று அழுவாள். இரண்டு பஞ்சு உண்மையில் யார் கையில் இருந்தது என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. அதனால் அது யாருக்கும் நினைவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால், பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய அன்று, அவள் சமையலறையில் நின்று கத்திவிட்டாள்.

"பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாத ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தாம்ப்பா!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அடுப்பைத் தணிக்கத் திரும்பிய அம்மா வெகுநேரம் அப்படியே நின்றாள்.

இப்போது டாக்டரே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். கையில் காகிதம், முகத்தில் சிரிப்பு.

"உங்களுக்கு எதிர்ப்பு சக்தி நல்லா இருக்கும்மா. சின்ன வயசு ஊசி வேலை செஞ்சிருக்கு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வயிற்றில் கை வைத்துக்கொண்டு தங்கைக்குப் போன் போட்டாள்.

"அப்போ விட்டுப்போனது நானா?" என்று தங்கை அந்தப் பக்கம் குதித்தாள். "இரு, இன்னைக்கே போய்ப் போட்டுக்கறேன். எனக்கும் ரெண்டா போடச் சொல்றேன்!"

மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும். நேராகப் போய் மருந்துத் தட்டோடு நின்ற நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாகிட்ட மன்னிப்பு கேக்கணும்மா. ரொம்பப் பேசிட்டேன்," என்று எழப்போனாள் மகள்.

அம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஊசி போட்ட அன்னைக்கு உங்கப்பா ஊர்லயே இல்லடி. உங்களைத் தூக்கிட்டுப் போனது நான்."

"அப்பா இல்லையா?" என்றாள் மகள்.

"பெத்தவளுக்கே அடையாளம் தெரியலன்னு ஊரே சிரிக்குமேன்னு அழுதுக்கிட்டே இருந்தேன். மறுநாள் வந்தார். கேட்டார். அன்னைக்கு சாயங்காலமே எல்லார்கிட்டயும் தான்தான் போனதா சொல்லிட்டார். நீ கத்துனப்பவே சொல்லியிருக்கணும். எனக்கு வாய் வரல."

"அப்படிக் கத்தினேனேம்மா! அவராவது வாயைத் திறந்திருக்கலாமே?"

அம்மா எதிரே கைகாட்டினாள்.

அங்கே அப்பா, கண்ணுக்குத் தெரியாத இரண்டு குழந்தைகளை இரண்டு தோளிலும் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தி எப்படி உதைத்தாள், சாக்ஸ் எந்தப் பக்கம் பறந்தது என்று காலைத் தூக்கிக் காட்டினார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா சொல்லிச் சொல்லி," என்றாள் அம்மா, "இப்போ அவருக்கே அவர்தான் போனதா ஞாபகம்."